ரெட் லேபல் இருக்காம், வர்றீங்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வட்சப்பில் ஒரு படம் வரும். படத்தில் பாதி யாருடையதோ கட்டைவிரல், மீதி ஒரு கிட்டாரின் வயிற்று ஓட்டை. கீழே ஒரே வரி: "தலவாக்கலப் பக்கம் ஒரு தொங்கல் காம்பராவுல ரெட் லேபல் இருக்காம், வர்றீங்களா?" தொங்கல் காம்பரா என்றால் தோட்ட லயத்தின் கடைசி வீடு.

மலையகத்து யமஹா கிட்டார்க்காரர்களின் ஞாயிறு அதோடு முடிந்தது. ஹட்டனில் ஒருவர் பாதிச் சவரத்தில் எழும்பி, பிளேட் பாக்கெட்டையும் பையில் போட்டுக்கொள்வார். கொட்டகலையில் ஒருவர் மகனின் புத்தகப் பையிலிருந்து அடிமட்டத்தை உருவுவார். கோயில் பாட்டுக் குழுவில், அதாவது கொயரில், வாசிக்கிற தங்கச்சி, பூசை முடிந்துதான் வருவேன் என்று சொல்லிவிட்டு, வரும்போது முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியோடு வருவாள். இஸ்தோப்புத் திண்ணையில் குந்தியிருந்த மாமா ஒருவர், ரெட் லேபல் என்ற சொல் காதில் விழுந்ததும் ஒன்றும் பேசாமல் நாலு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். அவருக்கு விசயத்தைச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

விசயம் இதுதான். யமஹா 1966இல் எஃப்ஜி 180, எஃப்ஜி 150 என்று இரண்டு இரும்புக் கம்பிக் கிட்டார்களை இறக்கியது. எஃப்ஜி என்றால் ஃபோக் கிட்டார். ஓட்டைக்குள் தெரிகிற காகிதம் சிவப்பு, அதுதான் ரெட் லேபல், அதில் நிப்பொன் காக்கி என்ற பெயர் இருக்கும். 1897இல் தொடங்கிய அந்தக் கம்பனி, யமஹா கோர்ப்பரேஷன் என்று பெயரை மாற்றிக்கொண்டதே 1987இல்தான். லேபலில் யமஹா கோர்ப்பரேஷன் என்று கொட்டை எழுத்தில் இருக்க, "இது அறுபத்தெட்டாம் வருசத்துச் சாமான்" என்று ஒருவர் சத்தியம் பண்ணினால், தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு நல்லபடியாக எழும்பி வந்துவிடலாம். 1969 வுட்ஸ்டொக் மேடையில் கன்ட்ரி ஜோ மெக்டொனால்டின் கையில் இருந்தது எஃப்ஜி 150. இதை வாங்கப் போகும் இடத்தில் வாய் தவறியும் சொல்லக் கூடாது, விலை ஏறிவிடும். விற்கும்போது தாராளமாகச் சொல்லலாம்.

சேகரிப்பவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்கிற உண்மை ஒன்று உண்டு. இவ்வளவு பேர் தேடி அலைகிற அந்த 180, பிளைவுட். முகத்தில் ஸ்ப்ரூஸ், முதுகிலும் பக்கத்திலும் மஹோகனி, எல்லாம் ஒட்டுப்பலகை. கொழும்பிலிருந்து வருகிற பெரிய ஆட்கள் "சொலிட் டொப் இல்லையா?" என்று மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். சொலிட் என்கிற ஒற்றைப் பலகை ஈரத்தைக் குடித்தால் இழைக்குக் குறுக்கே ஊதும், காய்ந்தால் சுருங்கி இழை வழியே பிளக்கும். ஒட்டுப்பலகையில் ஓர் அடுக்கின் இழை ஒரு பக்கம் இழுத்தால் அடுத்த அடுக்கு அதை மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டியும் இதே காரணத்தால்தான் ஒட்டுப்பலகை. சூட்டு அடுப்பில் சுமார் மூன்று வீத ஈரத்துக்குக் காய்ந்த தூளை, உள்ளே ஈயத்தாள் மாதிரியான தகடு ஒட்டிய பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். ஆகவே எஃப்ஜி 180 நம்ம டீப்பெட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஐம்பது வருச மழைக்குப் பிறகும் லயத்தில் உயிரோடு கிடைப்பது அதனால்தான்.

ஒற்றைப் பலகையா ஒட்டுப்பலகையா என்று பார்க்க ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடுகிற இழைக் கோடு விளிம்பில் மடிந்து கீழேயும் இறங்கினால் ஒற்றை. கேக் வெட்டினது மாதிரி அடுக்குத் தெரிந்தால் ஒட்டு. "முழு மரம் தம்பி, எங்கப்பா வாங்கினது" என்று வீட்டுக்காரர் சொல்வது மூன்றாவது வகை, அதற்குப் பரிசோதனை கிடையாது.

சரி, தொங்கல் காம்பராவுக்கு வருவோம். வீட்டு அம்மா அட்டல் என்கிற பரணில் இருந்து உரப் பையில் சுற்றிய சாமானை இறக்குவார். நேரே கீழே அடுப்பு. நாற்பது வருசப் புகை கிட்டாரைக் கோப்பி நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கும். புகையால் பூஞ்சணமும் பூச்சியும் அண்டியிருக்காது, அது நல்லது. அடுப்புச் சூட்டில் பசை இளகி, கம்பிகளைப் பிடித்திருக்கிற பிரிட்ஜ் கட்டை மெல்ல எழும்பியிருக்கும், அது கெட்டது.

முதல் வேலை, குலுக்கிப் பார்ப்பது. உள்ளே ஏதாவது உருண்டால் பெரும்பாலும் தொலைந்துபோன பிக், கம்பியை மீட்டுகிற சில்லு. இரண்டாவது, முட்டி விரலால் பிரிட்ஜைச் சுற்றித் தட்டுவது. ஓரிடத்தில் மட்டும் சளசளவென்று கேட்டால் உட்கட்டை ஒன்று பசை விட்டிருக்கிறது. மூன்றாவது சாத்தியம், காய்ந்த மண் உதிர்கிற சத்தம். அது குளவிக் கூடு. மண் கூடு கட்டுகிற குளவி தனிக்கட்டை, சண்டைக்கு வராது, கூடும் எப்போதோ காலியாகியிருக்கும். ஆனால் கொழுந்து மலையில் வளர்ந்த ஆளுக்குக் குளவி என்ற சொல் போதும். அடிமட்டம் ஒரு பக்கம், பிளேட் ஒரு பக்கம், ஆட்கள் தோட்டத்தில் காலையில் பேர் பதிகிற பிரட்டுக்களம் வரைக்கும். கிட்டாரைக் கீழே போடாமல் மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருப்பது அந்த அம்மா மட்டும்.

திரும்பி வந்ததும் டோர்ச் அடித்து லேபலைத் தேடுவார்கள். லேபல் இருந்த இடத்தில் அரை லேபல் இருக்கும். மீதியை ராமபாணப் பூச்சி சாப்பிட்டிருக்கும். இருக்கிற பாதியும் பழுப்பு. இது சிவப்பு பழுத்ததா, பச்சை பழுத்ததா? பச்சை லேபலும் உண்டு, 1970களில் வந்த அவற்றில் பல தைவானில் செய்தவை. சத்தத்தில் மோசமில்லை. ஆனாலும் சிவப்புக்காரர்கள் பச்சையைச் சம்பந்தி வீட்டில் கறி சரியில்லை என்பது மாதிரித்தான் பேசுவார்கள். இரண்டு பேரும் டோர்ச்சை மாற்றி மாற்றிப் பிடித்து முக்கால் மணி நேரம் வாதாட, தங்கச்சி கேட்பாள்: "அண்ணே, லேபல வாசிக்க வந்தீங்களா, கிட்டார வாசிக்க வந்தீங்களா?"

அதற்குப் பிறகுதான் உருப்படியான வேலை தொடங்கும்.

கண்ணாடியை ஓட்டைக்குள் விட்டு பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்ள கட்டையைப் பார்ப்பாள். கம்பி முனைகள் அதைத் தின்றிருந்தால் துளையெல்லாம் பல் விழுந்த ஈறு மாதிரி இருக்கும். பிறகு ஒரு பஸ் டிக்கெட். பிரிட்ஜின் பின் விளிம்பில் அதைச் செருகிப் பார்க்க வேண்டும். நுழையவே இல்லை என்றால் நல்லது. இரண்டு மூன்று மில்லிமீற்றர் உள்ளே போனால் பிரிட்ஜை முழுசாகக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மரப்பசை வைத்து 24 மணி நேரம் கிளாம்ப் போட வேண்டும். மழை நாளில் இரண்டு நாள். சுப்பர் குளூவை ஓரத்தில் விட்டு விரலால் அமுக்குகிறவர்கள் உண்டு. அடுத்த முறை எழும்பும்போது பிரிட்ஜ் தனியாக வராது, முகத்திலிருந்து ஒரு சீவல் மரத்தையும் கூட்டிக்கொண்டு வரும்.

இப்போது பிளேட். ஒரு சவர பிளேட்டின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடம்போடு சேர்கிற 14ஆம் ஃப்ரெட்டிலும் அமுக்கிப் பிடித்தால் அந்தக் கம்பியே ஒரு நேர்கோடு. ஏழாம் ஃப்ரெட்டின் மேல் இரண்டு பிளேட் உரசாமல் நுழைந்தால் கழுத்தின் வளைவு 0.2, அது போதும். நாலு நுழைந்தால் வளைவு அதிகம். ஒன்றும் நுழையாவிட்டால் கழுத்து நேராக அல்லது பின்னுக்கு வளைந்திருக்கிறது, முதல் நாலைந்து ஃப்ரெட்டில் கம்பி இரையும். கழுத்துக்குள் ஓடுகிற ட்ரஸ் ரொட் என்ற இரும்புத் தண்டைத் திருகக்கூடிய கிட்டார் என்றால் வலஞ்சுழியாக இறுக்கினால் வளைவு குறையும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் அன்று கை வைக்கக் கூடாது. "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி இறுக்கியவர்களின் கிட்டார்கள்தான் ஊரெல்லாம் கரண்டி தொங்குகிற மாதிரி சுவரில் தொங்குகின்றன.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை, அதாவது அக்‌ஷனை, அடிமட்டத்தால் அளந்தால் தடித்த கம்பிக்கு 2.5, மெல்லியதற்கு 2 மில்லிமீற்றர் வசதி. அட்டலில் இருந்து வந்ததில் 5 இருக்கும். 012 செட் (முதல் கம்பி 0.012 அங்குலம்) போட்டால் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். நாளுக்கு 18 கிலோ என்று வைத்தால் நாலு பேர் பறித்த கொழுந்து. அதை ஐம்பது வருசம் ஒரே கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் கழுத்து முன்னுக்குத்தான் வரும். பழைய எஃப்ஜிகளுக்கு இது ஊரறிந்த நோய்.

பிரிட்ஜின் மேல் கம்பியைத் தாங்குகிற சாடிலைத் தேய்த்து இறக்கலாமே என்று கொட்டகலைக்காரர் சொல்வார். கணக்கு ஒன்றுக்கு இரண்டு: பன்னிரண்டில் 1 மில்லிமீற்றர் குறைய, சாடிலில் 2 போக வேண்டும். இங்கே குறைய வேண்டியது 2.5, ஆகவே சாடிலில் 5. சாடில் வெளியே தெரிவதே 3. மீதி இரண்டைத் தவணைக்கு வாங்க முடியாது. நீளமான இரும்பு அடிமட்டத்தை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை நீட்டினால் முடிவு தெரியும். நுனி பிரிட்ஜின் மேல் தளத்தை உரசினால் கழுத்துக் கோணம் சரி, சாடிலில் சமாளிக்கலாம். பிரிட்ஜின் நெற்றியில் இடித்தால் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும், அது தச்சருக்கும் வியர்க்கிற வேலை. அவ்வளவு தூரம் போகாமல், 011 செட் போட்டு ஒரு சுரம் கீழே சுருதி வைத்து, கழுத்தைக் கவ்வுகிற கேப்போ மாட்டி வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். கொயருக்கு அது தாராளம்.

இதற்கிடையில் வீட்டுப் பையன் "எங்கிட்டயும் ஒரு யமஹா இருக்கு" என்று கறுப்புக் கிட்டார் ஒன்றைக் கொண்டுவருவான். தலையில் மூன்று இசைக்கவைச் சின்னம் பளபளக்கும். தங்கச்சி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இது எத்தன சிசி?" என்பாள். இசைக்கருவிக் கம்பனியின் சின்னத்தில் கவைகள் வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடும். 1955இல் தனியாகப் பிரிந்த மோட்டார் சைக்கிள் கம்பனியின் சின்னத்தில் கவை நுனிகள் வட்டத்தைத் தொடும். பையனின் கிட்டாரில் இருந்தது பைக் டேங்க் ஸ்டிக்கர்.

இந்தோனேசியாவில் செய்த பல யமஹாக்களில் தொடர் இலக்கத்தின் முதல் மூன்று எழுத்தே சாதகம். எச் 1, ஐ 2 என்று தொடங்கி பி 9, கியூ பூச்சியம். முதல் இரண்டு எழுத்து வருசம், மூன்றாவது மாதம். மாதத்தில் மட்டும் பத்து, பதினொன்று, பன்னிரண்டுக்கு எக்ஸ், வை, இசட். கியூ எம் எக்ஸ் என்றால் 2006 அக்டோபர். இதை வாசிக்கத் தெரிந்தவர்கள் கலியாண வீட்டுக்குப் போனாலும் பாட்டுக்காரரின் கிட்டாருக்குள்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

விலை பேசுவதில் சொல்ல அதிகமில்லை. அந்த அம்மா ஒரு விலை சொல்வார், மூன்று பேரும் சேர்ந்து குறைக்கப் பார்ப்பார்கள், கடைசியில் அவர் சொன்ன விலைதான்.

வீட்டுக்கு வந்த பிறகு வருவது ஈரப்பதம். கிட்டாருக்குப் பிடித்தது 45 முதல் 55 வீதம். ஆடி மாத ஹட்டனில் அது கனவு, துணியே காய்வதில்லை. அதே மாதத்தில் பண்டாரவளைப் பக்கம் வறண்ட காற்று அடிக்கும், ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுகிற காலம். ஆகவே ஹட்டன்காரர் "வயிறு ஊதி அக்‌ஷன் ஏறிருச்சு" என்று அழ, பண்டாரவளைக்காரர் "ஃப்ரெட் நுனி கையக் கிழிக்குது" என்று அழுவார். மலைக்கு இரண்டு பக்கம், மழைக்கும் இரண்டு பக்கம்.

ஈரமானி வாங்கினால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். ஒரு மூடியில் உப்பைக் குவித்து, சேறு பதத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் 12 மணி நேரம் அடைத்தால் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துப் பார்க்க வேண்டும். டப்பாவின் மேல் எழுதி ஒட்டாவிட்டால் வீட்டில் ஊறுகாய் என்று நினைத்துத் திறந்துவிடுவார்கள், மறுபடி 12 மணி நேரம்.

வைக்கும் இடம் வெளிச் சுவர் கூடாது, உள் சுவரோ அலுமாரியோ நல்லது. அலுமாரியின் அடியில் 25 வாட் குண்டு பல்ப் ஒன்று, மரத்திலிருந்தும் துணியிலிருந்தும் ஓரடி தள்ளி. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் வறுத்துக் காய வைத்து மறுபடி போடலாம். விரல் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கொஞ்ச நாளில் சிக்குப் பிடித்து, கிட்டாரைத் திறந்தால் எண்ணெய்ப் பலகார வாசம் வரும். நுவரெலியாவின் தைமாதக் குளிரில் வெளியே கொண்டு போய் வந்தால் கேஸை உடனே திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த மரத்தில் அடுப்படிச் சூட்டுக் காற்று பட்டால் வார்னிஷ் மேல் பனி கோத்துவிடும்.

வாங்கியதைக் கொண்டு போவது மட்டும் மிச்சம். கம்பியை இரண்டு சுரம் தளர்த்தி, உரப் பையிலேயே சுற்றி, தலவாக்கலை ஸ்டாண்டுக்கு வருவார்கள். தனியார் பஸ் காலியாக நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஏற மாட்டார்கள். டிக்கெட் தருகிற இ.போ.ச. அரச பஸ்ஸுக்குக் காத்திருந்து, நெருக்கடியில் கிட்டாரைக் குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். கொண்டக்டர் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கும் ஒரு டிக்கெட் போடவா?" என்று நக்கலாகக் கேட்பார்.

"போடுங்க. ரெண்டாப் போடுங்க. அங்க செருகினது உள்ளயே மாட்டிக்கிச்சு."