ஒவ்வொருத்தரா விடு

"அண்ணே, ஒவ்வொருத்தராவா, சேர்த்தேவா?" என்று, நான் வழிகாட்டிப் போன மலையேற்றக் குழுவில் கடைசியில் வந்தவன், மேலிருந்து கல் உருண்டு வரும் மலை ஓடையின் கரையில் நின்று கேட்டான். "ஒவ்வொருத்தரா விடு" என்றேன். யோசிக்க 2 நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. விதிப்படி அது சரியான பதில்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பதில் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சரளைச் சரிவில் ஏறும்போது கல் புரள்வது பெரும்பாலும் நம் காலால்தான். அங்கே ஆட்களை நெருக்கமாக விட வேண்டும். முன்னால் போகிறவர் தட்டிவிட்ட கல் வேகம் பிடிப்பதற்குள் பின்னால் வருபவரின் காலருகே நின்றுவிடும். 15 மீட்டர் இடைவெளி விட்டால் அதே கல் துள்ளித் துள்ளித் தலை உயரத்துக்கு வரும். ஓடையைக் குறுக்கே கடப்பது வேறு. அங்கே கல் மேலிருந்து தானாக வருகிறது. ஒருவர் மட்டும் உள்ளே இறங்க வேண்டும், ஒருவர் கண்ணை எடுக்காமல் மேலே பார்க்க வேண்டும், மற்றவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். ஓடையின் அகலம் 30 மீட்டர், ஆளுக்கு 1 நிமிடம், 9 பேருக்கு 9 நிமிடம். சேர்ந்து போயிருந்தால் 2 நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொருவரும் ஓடைக்குள் இருக்கும் நேரம் எப்படிப் போனாலும் ஏறத்தாழ அதேதான். தனித்தனியாக விடுவதில் உள்ள லாபம், ஒரே கல்சரிவில் பலர் சிக்க மாட்டார்கள் என்பதும், உள்ளே இருப்பவருக்கு ஓட இடம் இருக்கும் என்பதும்தான். காத்திருப்பவர்கள் நிற்கும் இடம் பத்திரமாக இருந்தால் மட்டுமே அந்த லாபம் கிடைக்கும்.

அந்த இடத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. காலடியில் கிடந்த கற்களில் கற்பாசி இல்லை, உடைந்த முகம் வெளிறிப் புதிதாக இருந்தது. ஓடையில் வரும் கல் பக்கவாட்டுப் பாறைச் சுவரில் மோதிக் கரைக்கும் துள்ளும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? முன்தள்ளிய பாறைக்கு அடியிலோ, விலா எலும்புபோல் புடைத்து நிற்கும் பாறை வரம்பின் மறுபக்கத்திலோ நின்றால்தான் அது ஒதுங்குவது. ஓடைக்கு வெளியே நிற்பது மட்டும் போதாது.

நேரமும் கடந்திருந்தது. விரிசலில் உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரிந்து பாறையை நெம்பும், இரவு முழுக்க அந்தப் பனிக்கட்டியே கல்லைப் பிடித்தும் வைத்திருக்கும். வெயில் பட்டதும் பிடி விடும். நாங்கள் நின்றது நிழலில். மேலே முகட்டில் வெயில் ஏறி வெகுநேரம் ஆகியிருந்தது.

6 பேர் அக்கரை சேர்ந்த பிறகு "கல்!" என்ற கத்தல். கல் இக்கரையில்தான் விழுந்தது. ஒரு பை கிழிந்ததோடு போயிற்று. எல்லாரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். மலையேற்ற ஹெல்மெட்டுகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 12492-இன் சோதனையில் ஹெல்மெட்டின் உச்சியில் விழுவது 2 மீட்டர் உயரத்திலிருந்து 5 கிலோ எடை, அதாவது 98 ஜூல் ஆற்றல். அரைக் கிலோ கல் 50 மீட்டர் தடையின்றி விழுந்தால் 245 ஜூல், வந்து சேர 3 நொடிதான். சுவரோரம் நிற்பவர் அந்த 3 நொடியில் அண்ணாந்து பார்க்கவே கூடாது. சுவரோடு ஒட்டி, பையைத் தலைக்கும் கழுத்துக்கும் மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். திறந்த வெளியில் நேர்மாறு. கல்லைப் பார்த்துக்கொண்டே நின்று கடைசித் துள்ளலுக்குப் பிறகே விலக வேண்டும், முன்னாலேயே ஓடினால் அது திசை மாறி நம்மிடமே வரலாம். இவை அத்தனையும் அன்று காலையில் சொல்லிக்கொடுத்தவைதான். 3 பேரில் 2 பேர் அண்ணாந்து பார்த்தார்கள்.

சேர்த்து விட்டிருந்தால் கல் வந்தபோது 9 பேரும் அக்கரையில் இருந்திருப்பார்கள். அது 5 நிமிடம் முன்னால் வந்திருந்தால் 9 பேரும் அதன் கீழே. இக்கரையில் ஒதுங்க இடம் இல்லையென்றால் கடக்காதே, திரும்பு என்று இப்போது புதிய வழிகாட்டிகளுக்குச் சொல்லித் தருகிறேன். அன்று அவன் "திரும்பிடலாமா அண்ணே?" என்று கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனா? அக்கரை 30 மீட்டரில் தெரிந்தது.