பீன் பிளாசமில் நாலு நாள்

ஜூன் 11, செவ்வாய், இரவு

கூடாரம், மடக்கு நாற்காலி, கொசுவிரட்டி, மாண்டலின். எல்லாம் காரில் ஏற்றியாகிவிட்டது. தயிர்சாதம் மட்டும் காலையில். பில் மன்ரோ நினைவு ப்ளூகிராஸ் திருவிழா நடக்கும் பீன் பிளாசம் எங்கள் கொலம்பஸிலிருந்து முக்கால் மணி நேரம்தான். ப்ளூகிராஸ் என்பது அமெரிக்க நாட்டுப்புறக் கம்பி வாத்திய இசை, அதற்குத் தந்தை என்று சொல்லப்படுபவர் பில் மன்ரோ. பதினோரு வருடமாக இங்கே இருந்துகொண்டு ஒரு தடவைகூடப் போகாததற்குச் சோம்பேறித்தனம் தவிர வேறு காரணமில்லை.

கொலம்பஸ் என்றால் ஒஹாயோவில் இருப்பது இல்லை, இண்டியானா கொலம்பஸ். வழியில் நாஷ்வில் வரும். அதுவும் டென்னசி நாஷ்வில் இல்லை. ஊருக்குப் பெயர் வைப்பதில் இந்த மாநிலத்துக்காரர்கள் ரொம்ப மெனக்கெடவில்லை.

மாண்டலின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட நாளில் யூ. ஸ்ரீநிவாஸ் கச்சேரியை டிவியில் பார்த்துவிட்டு அடம்பிடித்து, கும்பகோணத்தில் மூன்று வருடம் கற்றேன். வர்ணம் வரை வந்தது. பத்தாம் வகுப்பு வந்ததும் மாண்டலின் பரணுக்குப் போய்விட்டது. இரண்டு வருடம் முன்பு இங்கே ஓர் அடகுக்கடையில் பழைய மாண்டலின் ஒன்றைப் பார்த்ததும் கை நமநமத்தது, வாங்கிவிட்டேன். கர்நாடக சங்கீதத்தில் ச-ப-ச-ப என்று கூட்டுவோம். இங்கே ஜி-டி-ஏ-இ, ஒவ்வொன்றும் இரட்டைக் கம்பி. விரலுக்குப் பழக்கமான இடமெல்லாம் மாறிப்போய் முதல் ஆறு மாதம் ஒரே குழப்பம்.

ஜூன் 12, புதன்

மேடை மரங்களுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. எதிரே சரிவு. காலையிலேயே வந்து நாற்காலியைப் போட்டுவிட்டு எல்லோரும் கூடாரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். நாள் முழுக்க அதை யாரும் நகர்த்துவதில்லை. காலியாக இருந்தால் உட்காரலாம், சொந்தக்காரர் வந்தால் எழுந்துவிட வேண்டும். நம் ஊர்ப் பேருந்தில் துண்டு போடுவதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே சண்டை வருவதில்லை.

மதியம் முதலில் ஏறியது கென்டக்கிக் குடும்பம் ஒன்று. அப்பா கிட்டார், ஒரு மகள் ஃபிடில் (வயலின்தான்), இன்னொரு மகள் ஆளுயரப் பேஸ், மருமகன் தோல் போர்த்திய பாஞ்சோ. புழுக்கம் தாங்க முடியவில்லை, ஆண்கள் இருவரும் கோட்டு, டை. மன்ரோ தன் குழுவைத் தொப்பியும் டையுமாக நிறுத்திய காலத்திலிருந்து வருகிற வழக்கம்.

ஐந்தாறு மைக் வைத்துக்கொள்ளாமல் நடுவில் ஒன்றே ஒன்று. யார் தனியாக வாசிக்க வேண்டுமோ அவர் முன்னால் வருவார், பாடியவர் பக்கவாட்டில் விலகுவார். பாஞ்சோவின் நீளக் கழுத்து ஃபிடில்காரியின் முகத்தை உரசாமல் கடக்கிறது. ஃபிடில் வில் கிட்டார்காரரின் தொப்பிக்கு மேலாகப் போகிறது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியும் ரச வாளியும் எதிரெதிரே வந்தும் மோதாமல் போவது போல. நான் பாட்டையே விட்டுவிட்டுக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த இரண்டு குழுக்களும் சுமார். ஒருவர் பாஞ்சோக்காரர்களைப் பற்றி ஜோக் சொல்லியே பத்து நிமிடத்தைத் தின்றார்.

ராத்திரி பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் கூப்பிட்டார். வயது எழுபத்தெட்டு. தெற்கு ஒஹாயோ, கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கிட்டார். ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்ன பாட்டு என்றுகூடச் சொல்வதில்லை. “ஏ” என்று சுருதியை மட்டும் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆறு கட்டை என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். என் முறை வந்தபோது பெரியவர் தலையசைத்தார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். ஸ்வரத்தை அசைக்கும் கமகம், வழுக்கும் ஜாரு, முத்தாய்ப்பாக ஒரு சின்னத் தீர்மானம்கூட. முடித்தபோது பாட்டு வேறெங்கோ இருந்தது, நான் வேறெங்கோ இருந்தேன். எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். அந்த மரியாதைதான் தூங்கவிடவில்லை.

ஜூன் 13, வியாழன்

காலையிலிருந்து மழை. வளாகத்திலேயே இருக்கும் மன்ரோ அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினேன். அங்கே பார்த்ததோடு ஏற்கனவே படித்ததையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

பில் மன்ரோ 1911-ல் கென்டக்கியில் ரோசின் என்ற ஊரில் பிறந்தவர், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அண்ணன்கள் ஃபிடிலையும் கிட்டாரையும் எடுத்துக்கொள்ள, மிச்சமிருந்த மாண்டலின் இவருக்கு. அதிலும் சத்தம் அதிகம் வரக்கூடாது என்று எட்டுக் கம்பியில் நாலைக் கழற்றிவிட்டு வாசிக்கச் சொன்னார்களாம். பெற்றோரை இழந்தபின் ஃபிடில் வாசிக்கும் தாய்மாமா பென்டில்டன் வாண்டிவரோடு இருந்தார். ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பின கிட்டார் கலைஞரிடமிருந்தும் நிறைய எடுத்துக்கொண்டார். பதினெட்டு வயதில் வேலை தேடி வந்த இடம் எது தெரியுமா? இதே இண்டியானா. வடக்கே வைட்டிங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் உருட்டினார். நான் இந்த மாநிலத்துக்கு வந்தது டீசல் இன்ஜின் வேலைக்காக.

1939-ல் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார். குழுவின் பெயர் ‘ப்ளூ கிராஸ் பாய்ஸ்’. சொந்த மாநிலத்தின் செல்லப் பெயரைக் குழுவுக்கு வைத்தார், குழுவின் பெயர் பிறகு ஒரு இசை வகைக்கே ஆகிவந்தது. பீன் பிளாசத்தில் இந்த இடத்தை 1950-களின் தொடக்கத்தில் வாங்கினார். 1965-ல் வர்ஜீனியாவின் ஃபின்காசலில் கார்ல்டன் ஹேனி பல நாள் ப்ளூகிராஸ் விழாவை முதன்முதலாக நடத்திக் காட்ட, 1967 ஜூனில் மன்ரோ இங்கே ஆரம்பித்தார். 1996-ல் அவர் காலமானபிறகும் விழா நிற்கவில்லை.

அவருடைய 1923 கிப்சன் கம்பெனி மாண்டலின் இங்கே இல்லை. அது டென்னசி நாஷ்வில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மயாமியில் ஒரு முடிதிருத்தும் கடையில் 150 டாலருக்கு வாங்கியது. 1985-ல் எவனோ வீட்டுக்குள் புகுந்து கணப்படுப்புக் கம்பியால் அதை அடித்து நொறுக்கினான். கிப்சன்காரர்கள் நூற்றுக்கணக்கான சில்லுகளை ஒட்டி மீண்டும் பேசவைத்தார்கள். எனக்கு என் வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது.

மதியத்துக்குமேல் மழை விட்டது. பெரியவர் காபியோடு வந்து உட்கார்ந்தார். நேற்று வாசித்ததைப் பற்றி நானே கேட்டுவிட்டேன்.

“நல்லாத்தான் வாசிச்சீங்க. ஆனா மத்தவங்க வாசிக்கும்போது நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

என்ன பண்ணினேன்? சும்மா உட்கார்ந்திருந்தேன், என் முறை எப்போது வரும் என்று.

“அங்கதான் மாண்டலினுக்கு வேலையே இருக்கு” என்றார்.

இந்த இசையில் டிரம்ஸ் கிடையாது. பேஸ் ‘தும்’ என்று அடியெடுத்துக் கொடுக்கும், மாண்டலின் அதற்கு எதிர் அடியில் ‘சக்’. தும்-சக், தும்-சக். இதற்கு ‘சாப்’ என்று பெயர், கத்தியால் வெட்டுகிற சாப்தான். நாலு கம்பி ஜோடியையும் விரலால் மூடிப் பிடித்து, அடித்த அந்தக் கணமே இடதுகை விரலைத் தளர்த்திவிட வேண்டும். கம்பியை விட்டு விரலை எடுக்கவும் கூடாது. எடுத்தால் ‘ங்’ என்று இழுக்கும். தளர்த்தப் பிந்தினால் நாதம் கசியும். முந்தினால் செத்த சத்தம். சரியாக விழுந்தால் முற்றின கொத்தவரங்காயை ஒடித்த மாதிரி ஒரு காய்ந்த சத்தம்.

மூன்று வருடம் என் வாத்தியார் கற்றுக்கொடுத்தது நாதத்தை எப்படி நீட்டுவது என்று. இவர் நாதத்தை எப்படி நிறுத்துவது என்று சொல்லித் தருகிறார். சாயங்காலம் வரை சக், சக். பக்கத்துக் கூடாரத்து நாய் எழுந்து வேறு இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

ஜூன் 14, வெள்ளி

இன்று மேடையில் மாண்டலின்காரர்களின் இடதுகையைத் தவிர வேறெதையும் பார்த்ததாக ஞாபகமில்லை. ஆறு குழு பார்த்தேன். கேட்டது ‘சக்’ மட்டும். நல்ல குழுவில் அது காதில் விழுவதே இல்லை, அது நின்றால்தான் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். பக்திப் பாட்டு என்றால் பாஞ்சோவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கிட்டார், மாண்டலின், பேஸ் போதும், நாலு பேர் குரலைச் சேர்த்துப் பாடுகிறார்கள். மன்ரோ ஏற்படுத்திவைத்த முறை. முதல் இரண்டு குழுவில் உருகினேன், நாலாவது குழுவும் அதையே செய்தபோது போண்டா சாப்பிடப் போனேன். போண்டா என்று நானாகச் சொல்வது. எண்ணெயில் பொரித்த பிஸ்கட்டும் ஆப்பிள் பட்டரும். பிஸ்கட் என்று பெயர்தானே ஒழிய சாயலும் ருசியும் இனிப்பு போண்டாதான்.

சாயங்காலம் ஒரு இளவட்டக் குழுவில் பாஞ்சோ வாசித்தது ஒரு சின்னப் பெண், பதினைந்து வயதிருக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று மூன்றில் நகமாட்டி உருட்டிக்கொண்டே போகிறாள். 1945 டிசம்பரில் எர்ல் ஸ்க்ரக்ஸ் மன்ரோ குழுவில் சேர்ந்தபோது கொண்டுவந்தது இந்த உருட்டல்தான். அதற்குப் பிறகுதான் இது இன்று நாம் கேட்கும் ப்ளூகிராஸ் ஆனது. மூன்றே வருடத்தில் ஸ்க்ரக்ஸும் பாட்டுக்காரர் லெஸ்டர் ஃப்ளாட்டும் விலகித் தனிக்குழு வைத்தார்கள், மன்ரோவுக்குப் பொறுக்கவில்லை. பிரிந்த பங்காளிகளின் பிள்ளைகள் எல்லோரும் இப்போது ஒரே மேடையில்தான் வாசிக்கிறார்கள். பாஞ்சோவின் ஐந்தாவது கம்பி மட்டும் குட்டையாகப் பாதிக் கழுத்தில் தொடங்குகிறது, ஒரே ஸ்வரத்தைத் தம்புரா போலத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. அப்படி ஒரு குட்டைக் கம்பி வைக்கும் பழக்கம் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கையோடு வந்தது. இரும்புத் துண்டால் கம்பியை வழித்து மடியில் வைத்து வாசிக்கும் டோப்ரோ கிட்டாரும் எனக்கு அந்நியமாகப் படவில்லை, நம் கோட்டுவாத்தியத்துக்குச் சித்தப்பா மகன்.

ஜூன் 15, சனி

கடைசி நாள். மன்ரோ இருந்தபோது அந்தி சாயும் நேரத்தில் கூட்டத்தையே கருவிகளோடு மேடைப்பக்கம் வரச்சொல்லி, அத்தனை பேரோடும் சேர்ந்து வாசிப்பாராம். பெரியவர் அப்படி அவருக்குப் பத்தடி தூரத்தில் நின்று வாசித்திருக்கிறார். “என்ன பேசினார்?” என்றேன். “ஒண்ணும் பேசலை. என் கையைப் பார்த்தார், தலையாட்டிட்டுப் போயிட்டார்.” ஐம்பது வருடத்துக்கு அது போதுமாயிருந்திருக்கிறது.

ஒன்பது மணிக்குமேல்தான் இருட்டியது. புல்லில் மின்மினி. வட்டத்தில் பன்னிரண்டு பேர். ‘பி’ என்றார் ஒருவர், ஏழு கட்டை. மன்ரோவின் உச்சஸ்தாயிக் குரலுக்கு உகந்த சுருதி. எங்கள் பக்கம் அந்தக் காலத்து நாடகக்காரர்களைச் சொல்வார்கள், மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை போகும் குரல் என்று. அது. நான் ‘சக்’ மட்டும் போட்டேன். முதல் பாட்டில் பேஸ்காரர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது பாட்டில் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தனியாக வாசிக்க இரண்டு தடவை தலையசைத்தார்கள், இரண்டு தடவையும் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டேன்.

பாட்டை முடிக்கப் போகிறவர் ஒரு காலைத் தூக்குவார், அதுதான் சைகை. இது எனக்கு நேற்றே தெரியும். ஆனால் இருட்டில் பெரியவரின் கால் தெரியவில்லை. எல்லோரும் டக்கென்று நிறுத்திய பிறகு, அவ்வளவு பெரிய நிசப்தத்தில், என் ‘சக்’ ஒன்று மட்டும் தனியாக விழுந்தது. காய்ந்த, சுத்தமான சக். நாலு நாளில் நான் அடித்ததிலேயே அதுதான் சரியானது. சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. புதன்கிழமை சிரித்த மரியாதைச் சிரிப்பு இல்லை.

ஜூன் 16, ஞாயிறு, வீடு

விரல்நுனி எரிகிறது, கீபோர்டில் தட்டவே சிரமம். மேடை முன்னால் போட்ட மடக்கு நாற்காலியை எடுக்காமலே வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை போய் எடுத்து வர வேண்டும், அங்கேதான் இருக்கும்.