ராட்வீலர் வந்தால் நகரும் நாற்காலிகள்

கால்நடை மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்குள் ராட்வீலர் என்ற பெரிய காவல் நாய் ஒன்று வந்தால் போதும், நாற்காலிகள் தானாக நகரும். பக்கத்திலேயே ஒரு சின்னப் பொமரேனியன் எல்லோரையும் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொஞ்சுவார்கள், ராட்வீலர் என்றால் மட்டும் கடிக்கும் இனம் என்று ஒதுங்குவார்கள். உதவியாளராக வேலை பார்க்கும் எனக்கு இது தினமும் காணும் காட்சி. ஆனாலும் அந்த ராட்வீலரை நினைத்து வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஊசி போடும்போது நாங்கள் பார்ப்பது இனத்தை அல்ல, உடம்பை. கண்ணின் வெள்ளைப் பகுதி ஓரமாகத் தெரிகிறதா, திறந்திருந்த வாய் சட்டென்று மூடிக்கொண்டதா, சும்மா சும்மா உதட்டை நக்குகிறதா, உடம்பு விறைத்துவிட்டதா என்று பார்ப்போம். உறுமினால்கூட நல்லதுதான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறதே! உறுமியதற்காக அடி வாங்கிய நாய்தான் ஆபத்து. அது அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும். அதை அப்படிப் பழக்கியது அடித்த கை.

பிறந்து 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம். அந்த நாட்களில் புது மனிதர்களையும் புதுச் சத்தங்களையும் பார்க்காமல் சங்கிலியிலேயே கிடந்தால், எந்த இனமாக இருந்தாலும் பயந்தே வளரும். பயந்த நாய் கடிக்கத்தான் செய்யும்.

2022-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் தந்த விவரங்களை வைத்துச் செய்யப்பட்டது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது. பிரிட்டன் 1991-இலேயே பிட்புல் உட்பட நான்கு இனங்களைத் தடை செய்தது. அங்கே ஒரு நாய் பிட்புல் வகையா என்பதை மரபணுவை வைத்து முடிவு செய்வதில்லை, தோற்றத்தையும் உடல் அளவுகளையும் வைத்துத்தான். தலை கொஞ்சம் பெரிதாகப் பிறந்த கலப்பின நாய் என்ன பாவம் செய்தது?

பெரிய நாய் கடித்தால் காயம் பெரிது, அதை நான் மறுக்கவே மாட்டேன். அதனால்தான் அதை வளர்ப்பவருக்குப் பொறுப்பும் கூடுதல். எங்களிடம் வரும் ஒருவர் தன் பிட்புல்லுக்கு வாய்க்கூடையை, அதாவது கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் கூடையை, வீட்டிலேயே பழக்கியிருக்கிறார். முதலில் கூடைக்குள் தீனியைத் தடவி நக்கவிட்டார், பல நாள் கழித்துத்தான் பட்டையை மாட்டினார். இப்போது கூடையை எடுத்தாலே அது வாலை ஆட்டிக்கொண்டு மூக்கை நீட்டுகிறது. இரத்தம் எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. அப்படியும் வாசலில் அவரிடம், 'இதையெல்லாம் எதுக்கு வளர்க்கறீங்க?' என்று கேட்கிறார்கள்.

இந்த இனம் கடிக்குமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தினமும் யார் நடக்கக் கூட்டிப்போவார்கள், நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், குழந்தையோடு விடும்போது பெரியவர் யாராவது பக்கத்தில் இருப்பார்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். இதற்குச் சரியான பதில் இல்லாதவர்களிடம், பொமரேனியன்கூட வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.