இந்தப் புள்ளி எந்தச் செடி? – மூலிகை ஆய்வேட்டு வைவாவுக்குப் போகிறவர்களுக்கு

வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, முடிந்து நான்கு நாள் ஆகிறது. சிறு திருத்தங்களோடு தேர்ச்சி. நிம்மதிதான், கொஞ்சம் எரிச்சலும் உண்டு. மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த வேதிவினைகளை ஒருவரும் கேட்கவில்லை. மக்களிடம் பேட்டி, செடி அடையாளம், சாற்றின் வேதியியல் என்று மூன்று துறையும் கலந்த ஆய்வேடு என்றால் கேள்வி ஓர் இடத்தில்தான் வந்து நிற்கும். புறத்தேர்வாளர் உங்கள் அளவீடுகளின் வரைபடத்தில் (கிராஃபில்) ஒரு புள்ளியின் மேல் விரலை வைப்பார்: “இது எந்தச் செடி?”

இனத்தின் பெயர் பதிலாகாது. யார் காட்டிய செடி, என்றைக்குப் பறித்தது, அதை அழுத்திக் காயவைத்து ஒட்டிய உலர்தாவரத் தாள் எங்கே இருக்கிறது, அதன் சாறு எந்தப் பாட்டில்? இத்தனைக்கும் ஒரே எண்ணில் பதில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம் என்பேன்.

அந்த எண் உங்கள் சேகரிப்பு எண். 1-இல் தொடங்கி வாழ்நாள் முழுக்க ஓட வேண்டும். வருடம் மாறினாலும் திட்டம் மாறினாலும் மறுபடி 1-க்குத் திரும்பக் கூடாது. 214 என்றால் பேட்டித் தாளிலும் 214, உலர்தாவரத் தாளிலும் 214. வேரிலிருந்து எடுத்த இரண்டாவது சாறு 214-வே-2. பாட்டிலில் மார்க்கரால் மட்டும் எழுதாதீர்கள்: மெத்தனால் ஒரு துளி வழிந்தால் எழுத்து போய்விடும். காகிதத் துண்டில் பென்சிலால் எழுதி, மேலே டேப் ஒட்டுங்கள். குளிர்பெட்டியில் பெயரில்லாத பச்சைப் பாட்டில் ஒன்று கிடந்தால், அது எதுவாக இருக்கும் என்று யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இது வீண் கெடுபிடி அல்ல. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் மாத்திரையில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ராவுக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி கலந்துபோனது. சீன மொழியில் இரண்டுமே ‘ஃபாங்ஜி’ வகையறா. சுமார் நூறு பேருக்குச் சிறுநீரகம் கெட்டது. வட்டாரப் பெயரை மட்டும் வைத்துச் செடியை வாங்கினால் வருவது இதுதான். சந்தையில் வாங்கிய காய்ந்த வேருக்கு உலர்தாவரத் தாள் கிடையாது. அதை வைத்து ஆய்வேடு எழுதாதீர்கள்.

தாள் தயாரிப்பில் கேட்பவை: பூவோ காயோ கட்டாயம் இருக்கட்டும். மூன்று பிரதி. மருந்துக்கு வேர் என்றால் வேரும் கிளையும் ஒரே செடியிலிருந்து. முதல் சில நாள்கள் செய்தித்தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த பிறகு தெரியாதவற்றை, அதாவது பூவின் நிறம், வாசனை, பால் வடிந்ததா, செடியின் உயரம் ஆகியவற்றை அங்கேயே நின்று எழுதுங்கள். இலைத் துண்டு ஒன்றை, அதன் எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போட்டு வைத்தால் பின்னால் டிஎன்ஏ பார்க்க உதவும்.

பேட்டிக்கு வருவோம். நெறிமுறைக் குழு அனுமதி முதல் பேட்டிக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்; பின்தேதி போட்டு வாங்க முடியாது. பட்டியலை வாசித்துக் காட்டி “இது தெரியுமா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அவர்களையே சொல்லவிட்டு எழுதுங்கள். கூட்டமாக உட்கார்ந்து பத்துப் பேர் சொன்னது பத்துத் தகவல் அல்ல, ஒன்று.

ஒரு நோய்வகைக்கு எந்தச் செடி என்பதில் மக்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் தகவலாளர் ஒருமைப்பாட்டுக் குறியீட்டில் பெரும்பாலோர் மாட்டுவார்கள். பயன்பாட்டுத் தகவல்களிலிருந்து இனங்களைக் கழித்து, தகவல்களில் ஒன்று குறைத்து வகுக்க வேண்டும். 25 தகவல், 5 இனம் என்றால் 20-ஐ 24-ஆல் வகுத்து 0.83. சரி. ஆனால் 2 தகவல், 1 இனம் என்றாலும் 1.00 வரும். இரண்டு பேர் சொன்னதை ‘முழு ஒருமைப்பாடு’ என்று எழுதினால் தேர்வாளர் அங்கேயே பேனாவை வைப்பார். வயிற்றுப்போக்கையும் மலச்சிக்கலையும் ‘செரிமானக் கோளாறு’ என்று ஒரே பெட்டியில் போடுவதும் இதே கதை: எண் உயரும், அர்த்தம் போய்விடும்.

அடுத்த பொறி கரைப்பான். மக்கள் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். நீங்கள் தண்ணீரோடு கலக்காத ஹெக்சேனில் ஊறவைத்துவிட்டு ‘மரபறிவு நிரூபணமானது’ என்கிறீர்கள். அவர்கள் செய்யும் முறையிலேயே ஒரு சாறாவது எடுத்து வையுங்கள். மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினினைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி தூ யூயூ கொதிக்கவைப்பதைக் கைவிட்டதற்குக் காரணம், பழைய குறிப்பில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது; சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. சுமார் 35 டிகிரியில் கொதிக்கும் ஈதருக்கு மாறிய பிறகுதான் 1971-இல் மலேரியாவுக்கு எதிரான சாறு கிடைத்தது, 2015-இல் நோபல். செய்முறையை எழுதாத பேட்டித் தாள் பாதித் தாள்தான்.

சாற்றில் உள்ள ஃபீனால் வகைச் சேர்மங்களை நீல நிறத்தின் அடர்த்தியால் அளக்கும் ஃபோலின்–சியோகால்டோ சோதனை பற்றிச் சுருக்கமாக:

– சாறு 20 மைக்ரோலிட்டர், தண்ணீர் 1.58 மில்லிலிட்டர், ஃபோலின் கரணி (ரீஏஜென்ட்) 100 மைக்ரோலிட்டர். 8 நிமிடத்துக்குள் 20% சோடியம் கார்பனேட் 300 மைக்ரோலிட்டர். 20 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, 765 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்க வேண்டும்.
– அளவுகோட்டை (தெரிந்த செறிவுகளின் ரீடிங்கை வைத்து வரையும் கோடு) காலிக் அமிலத்தால் போடுங்கள். சாற்றின் ரீடிங் கோட்டுக்கு வெளியே போனால் சாற்றை நீர்க்கச் செய்யுங்கள், கோட்டை நீட்டாதீர்கள்.
– இது ஃபீனாலை மட்டும் பார்ப்பதில்லை. வைட்டமின் சியும் ஒடுக்கும் சர்க்கரைகளும் நீலம் தரும். “மொத்த ஃபீனால்” என்று எழுதினால் இந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள்.
– கரணி சேர்க்காத சாற்றுக்குத் தனி பிளாங்க் (சாற்றின் சொந்த நிறத்தைக் கழிப்பதற்கான ரீடிங்). பச்சையம் ஏறிய சாற்றுக்கு இது இல்லாமல் ஆக்சிஜனேற்றத் தடுப்பை அளக்கும் டிபிபிஹெச் சோதனையின் 517 நானோமீட்டர் ரீடிங்கையும் நம்ப முடியாது.

கடைசியாக, அதே புள்ளிக்குத் திரும்புகிறேன். ‘எண்ணிக்கை 3’ என்று எழுதியிருப்பீர்கள். மூன்று செடியா, ஒரே சாற்றை மூன்று க்யூவெட்டில் (அளக்கும் சிறு குப்பி) ஊற்றியதா? பின்னது என்றால் நீங்கள் அளந்தது பிப்பெட் பிடிக்கும் கையின் நடுக்கத்தை. செடிக்குச் செடி வேறுபாடு அதில் இல்லை. 214, 215, 216 என்று மூன்று தனிச் செடி, மூன்று தனிச் சாறு, ஒவ்வொன்றுக்கும் மூன்று ரீடிங் எடுத்து, அந்த மூன்றின் சராசரியை ஒரு மதிப்பாகக் கொண்டால்தான் எண்ணிக்கை 3. ஒன்பது என்று எழுதவே கூடாது.

வைவாவுக்கு முந்தின நாள் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். ஆய்வேட்டில் கண்ணை மூடி ஐந்து புள்ளிகளைத் தொடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பாட்டில், தாள், பேட்டி என்று நோட்டைப் புரட்டிப் பின்னோக்கிப் போங்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தால், அந்த நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.