ஆபரேஷனுக்கு நான் கையெழுத்துப் போடவில்லை

எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் குழுவில், இரண்டு பிள்ளை பெற்ற பெண்கள் பெரும்பாலும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு வருகிறார்கள், நற்கருணை வாங்குகிறார்கள், செப்டம்பரில் காவி கட்டி பெங்களூர் சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் போகிறார்கள். திருச்சபை அந்த ஆபரேஷனை அனுமதிக்கவில்லை என்பதே பலருக்குத் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி நாட்டில் கல்யாணமான பெண்களில் கிட்டத்தட்ட 38 சதவீதம் பேர் இதைச் செய்துகொண்டவர்கள்.

எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என் கஷ்டம்.

இரண்டாவதும் சிசேரியன் என்று முடிவானதும், டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "அப்படியே ட்யூபையும் கட்டிடலாம்ல?" என்றார். படிவத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நர்ஸ் ஏற்கெனவே பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். என் அம்மாவும் மாமியாரும் ஒரே குரலில் "பண்ணிக்கம்மா" என்றார்கள். மாமியார் ஜெபமாலை சொல்லாமல் படுக்காதவர். "மாதா கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார்.

நான் போடவில்லை. பயம் இல்லாமலா? அடுத்த கர்ப்பம் சீக்கிரம் வந்தால் பழைய தையல் பிரியலாம், நஞ்சுக்கொடி தழும்பில் பதிந்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னது உண்மைதான்.

1968 ஜூலையில் திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் கருத்தடை பற்றித் திருச்சபைக்கு எழுதிய சுற்றுமடலைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அதற்கு முன் அமைந்த ஆலோசனைக் குழுவில் திருமணமான தம்பதிகளும் இருந்தார்கள். பெரும்பான்மையினர் மாற்றம் வேண்டும் என்றார்கள், அவர் ஏற்கவில்லை. தற்காலிகமோ நிரந்தரமோ, கருத்தடை கூடாது. ஆனால் தக்க காரணம் இருந்தால் கரு தரிக்காத நாட்களைப் பார்த்து நடந்துகொள்ளலாம்.

இதில் பாதி எனக்குப் புரிகிறது. நன்றாக இருக்கிற உறுப்பைக் கட்டிவிடலாம் என்று பெண்ணிடம் இவ்வளவு சாதாரணமாகக் கேட்பதில் எனக்கே கோபம் உண்டு. ஆண்களுக்கான ஆபரேஷன் இதைவிட எளிது. என் வீட்டுக்காரரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபாதி புரியவில்லை. பிள்ளை வேண்டாம் என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதானே, நாள் பார்ப்பது மட்டும் எப்படிச் சரி? பாவசங்கீர்த்தனத்தில் குருவிடமும் கேட்டிருக்கிறேன், மனம் ஆறவில்லை. ஆனாலும், பிள்ளைகளை இறைவன் தரும் கொடையாக ஏற்பீர்களா என்று திருமணத்தன்று பீடத்துக்கு முன்னால் கேட்டபோது ஆம் என்றோம். அந்த வாக்கில் பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கருப்பைவாய்ச் சளியின் மாற்றத்தைக் கவனித்துக் கருத்தரிக்கக்கூடிய நாட்களைக் கண்டுகொள்ளும் பில்லிங்ஸ் முறையை ஒரு சிஸ்டர் சொல்லித்தந்தார். பீரோ கதவின் உட்பக்கம் அட்டவணை ஒட்டியிருக்கிறோம். ரத்தப்போக்குக்குச் சிவப்பு, வறண்ட நாளுக்குப் பச்சை, கருத்தரிக்கக்கூடிய நாளுக்குக் குழந்தைப் படம் போட்ட வெள்ளை. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது, சந்தேகமான நாட்கள்தான் அதிகம். அப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் பெரியவனோடு ஹாலில் படுத்துக்கொள்வார். நான் அலுத்துப்போன இரவுகளில் ஸ்டிக்கர் ஒட்டுவதும் அவர்தான். இது எல்லா வீட்டிலும் நடக்குமா? குடித்துவிட்டு வரும் கணவனிடம் இன்று வெள்ளை நாள் என்று எந்தப் பெண் சொல்ல முடியும்? கீழ்ப்படிதலின் பாரம் முழுவதும் அவள் தலையில்தான் விழுகிறது.

2015 ஜனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும் விமானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், ஏழு சிசேரியனுக்குப் பிறகு எட்டாவது முறை கர்ப்பமான ஒரு பெண்ணைத் தாம் கண்டித்ததைச் சொன்னார். அது கடவுளைச் சோதிப்பது என்றார். படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் எங்கள் பீடத்திலிருந்து அதை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் திருமணத் தயாரிப்பு வகுப்பில் இந்த விஷயத்துக்குக் கிடைத்தது மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம். சட்டத்தைச் சொல்கிறவர்கள் வழியையும் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டாமா? அந்த சிஸ்டரை அன்பியத்துக்கே வரவழைக்க வேண்டும், கணவர்களும் கூடவே உட்கார வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்மா" என்றார். அக்டோபரில் ஜெபமாலைக்கு வீட்டுக்கு வீடு கூடுவோம். எங்கள் வீட்டு முறை வரும் சாயங்காலத்தையே தருகிறேன் என்று மறுபடி கேட்கப் போகிறேன்.