டீசல் பம்பு எந்த லைனில் இருக்கிறது?

போன வாரம் ராத்திரி கரண்ட் போய் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, சென்னையிலேருந்து வர்ற இன்டர்நெட் கேபிள் அறுந்துபோச்சுன்னா நம்ம கதி?" நான் சொன்னேன்: "கேபிள் இருக்கட்டும்டா. அது கரையேறுற கட்டடத்துல ஜெனரேட்டருக்கு டீசல் ஏத்துற பம்புக்கு எந்த லைன்லேருந்து கரண்ட் போகுதுன்னு கேளு." சிரித்துவிட்டான்.

அந்தமானில், போர்ட் பிளேயரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம், வாய்தான் பழகவில்லை) எனக்கு ஜெனரேட்டர் ரிப்பேர் வேலை. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடி கேபிள் இங்கே திறக்கப்பட்டது. ஹேவ்லாக், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று போகிறது. மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்கு முன்பு வெளியுலகத்துக்கு சாட்டிலைட்தான் வழி. தங்கச்சி மகளின் கல்லூரி விண்ணப்பத்தை மெட்ராஸ் மாமாவுக்குப் போன் போட்டு, எழுத்து எழுத்தாகச் சொல்லித்தான் நிரப்பினோம்.

கேபிள் கரையேறும் கட்டடத்துக்கு லேண்டிங் ஸ்டேஷன் என்று பெயர். அது கேபிள் வந்து சேரும் வெறும் பெட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கேபிளுக்குள் கண்ணாடி இழையைச் சுற்றி செம்பும் ஓடுகிறது. நடுக்கடலில் ஒளி மங்காமல் ஏற்றிவிடும் ரிப்பீட்டர்களுக்கு அதன் வழியாகத்தான், சில ஆயிரம் வோல்ட் டிசியாக, கரையிலிருந்து கரண்ட் போகிறது. ஒரு முனை படுத்தால் மறுமுனை சுமையைத் தாங்கும்படிதான் பொதுவாக அமைப்பார்கள். ஆனால் ஒளியை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் கருவிகளுக்கும், அவை சூடேறாமல் வைக்கும் ஏசிக்கும், அந்தந்தக் கரையிலேயே கரண்ட் வேண்டும். எங்களுக்கோ மெயின்லேண்ட் கிரிட் கிடையாது. பெரும்பாலும் டீசலில்தான் மின்சாரம். அந்த டீசல் கப்பலில் வரவேண்டும்.

அப்புறம் உயரம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிவாக்கில் ஆட்டம். அலை வந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், நிலம் இறங்கியதை யாரும் பேசுவதில்லை. போர்ட் பிளேயர் பக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கியது. சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடத்தில் கடல் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நான்கு மீட்டருக்கும் மேல். ஆகவே இங்கே தரைமட்டம் குறிக்கும்போது அலை உயரத்தை மட்டும் கூட்டினால் போதாது, காலடி நிலம் கீழே போகும் என்றும் கணக்கில் சேர்க்கவேண்டும். பேட்டரியையும் ஜெனரேட்டரையும் கீழ்த்தளத்தில் வைக்கும் வரைபடத்தை யாராவது நீட்டினால் நான் டீ குடிக்காமலே எழுந்துவிடுவேன்.

கட்டடம் உறுதியாக இருந்தால் மட்டும் ஆகிவிடாது, அதுவும் சரி. 2022 ஜனவரி 15 அன்று எரிமலை வெடித்து, பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து ஃபிஜிக்குப் போகும் கேபிள் கடலுக்குள்ளேயே நாசமானது; ஒட்டிச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆயிற்று. இரண்டாவது கேபிள் வேறொரு கடற்கரையில், வேறொரு ரோட்டோரமாக ஏறவேண்டும். ஒரே குழியில் இரண்டையும் போட்டுவிட்டு இரண்டு இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பம்பு விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன், ஒரு மழைக்கால ராத்திரி, ஒரு அலுவலகத்திலிருந்து அழைப்பு. புத்தம் புது ஜெனரேட்டர், பத்து மணி நேரம் ஓடி நின்றுவிட்டது. வெளியே பெரிய டாங்கில் டீசல் நிறைய இருக்கிறது, உள்ளே ஜெனரேட்டருக்கு நேராக டீசல் கொடுக்கும் 500 லிட்டர் சின்ன டாங்க் (டே டாங்க்) காய்ந்து கிடக்கிறது. டார்ச் அடித்து வயரைப் பின்தொடர்ந்தேன். டீசல் ஏற்றும் பம்பு நேராக மெயின்ஸ் போர்டில் இருந்தது. கரண்ட் போனால் பம்பும் போய்விடும்! மாதாமாதம் டெஸ்ட் செய்த ரெஜிஸ்டர் பக்காவாக இருந்தது. ஆனால் டெஸ்ட் என்பது மெயின்ஸை அணைக்காமல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது. கேனில் சுமந்து ஊற்றி, பைப்பில் அடைத்த காற்றை எடுத்து, மறுபடி ஸ்டார்ட் ஆகும்போது விடிந்துவிட்டது.

பம்பு லைனை ஜெனரேட்டர் போர்டுக்கு மாற்ற ஆனது பதினெட்டு மீட்டர் வயர், ஒரு எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே அணையும் ஸ்விட்ச்), அரை நாள் வேலை. கூலி இன்னும் வரவில்லை.