புது டயர் மூடி மறைத்த ஆட்டம்

என் பைக்கில் மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை விட்டால், 70-க்கு இறங்கும் இடத்தில் ஹேண்டில் இடதும் வலதுமாகத் துடிக்க ஆரம்பிக்கும். 60-க்குக் கீழே வந்ததும் தானாக அடங்கிவிடும். இரண்டு கையும் ஹேண்டிலில் இருந்தால் ஒன்றுமே தெரியாது. கையுறையின் பட்டையைச் சரிசெய்ய ஒரு கையை எடுத்து, மறு கையையும் தளர்த்தியபோதுதான் முதல் தடவை மாட்டியது. வண்டி 52,000 கி.மீ. ஓடிய டூரிங் பைக். முன்னால் காற்றைத் தடுக்கும் பெரிய ஃபேரிங், பக்கத்துக்கு ஒரு பெட்டி, பின்னால் ஒரு டாப் பாக்ஸ்.

ஆட்டத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஹேண்டில் மட்டும் வேகமாக உதறுவது ஒன்று. அது நொடிக்கு ஏறக்குறைய 4 முதல் 10 தடவை வரை. அதிவேகத்தில் முழு வண்டியும் பாம்பு போல மெதுவாக நெளிவது மற்றொன்று. இரண்டாவது வந்தால் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: பின் வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், பின் ஷாக், சுமை. எனக்கு வந்தது முதல் ஜாதி என்பதில் சந்தேகமே இல்லை.

சுலபமானதிலிருந்து ஆரம்பித்தேன். முன் டயரில் காற்று 36 psi இருக்க வேண்டிய இடத்தில் 31 இருந்தது. வெட்கம்தான். நிரப்பியதும் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. டாப் பாக்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், இன்னும் குறைந்தது. அந்தப் பெட்டி பின் ஆக்சிலுக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பதால், அதில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் முன் வீலின் மேலிருக்கும் பாரத்தைக் கொஞ்சம் தூக்கிவிடும். பின் ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் அழுத்தத்தை, இரண்டு படி கூட்டியதும் அதே திசையில் உதவியது. ஆனால் இதெல்லாம் காய்ச்சலுக்குப் போடும் ஈரத்துணி மாதிரி.

அடுத்து வீல். முன் வீலைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் ஒரு காலில் பிளாஸ்டிக் டையைக் கட்டி, அதன் நுனி ரிம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வெட்டி, வீலைச் சுற்றிப் பார்த்தேன். ரிம் நேராகத்தான் இருந்தது. வீல் பேரிங்கிலும் சத்தம் இல்லை. டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போன கை, எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி தடுக்கியது. மேடு பள்ளமாகத் தேய்ந்த டயர்.

ஒரு கணக்குப் போட்டேன். என் முன் டயர் 120/70-17. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.88 மீட்டர் போகும். 65 கி.மீ. வேகத்தில் வீல் நொடிக்கு ஒன்பதரைச் சுற்று சுற்றுகிறது. சுற்றுக்கு ஒரு தட்டு என்று வைத்தாலும், ஹேண்டில் தன் இயல்பில் துடிக்கக்கூடிய வேகத்துக்கு மிகப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருக்கிற மாதிரிதான். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஏன் வருகிறது என்ற என் குழப்பம் இத்தோடு தீர்ந்தது. புது டயர் போட்டு, பேலன்ஸ் செய்து, ஓட்டினால் ஆட்டம் சுத்தமாகப் போய்விட்டது. குற்றவாளி டயர்தான் என்று நோட்டில் எழுதிக் கோடும் போட்டு மூடினேன்.

3,000 கி.மீ. கழித்து அதே 70-ல் அதே துடிப்பு.

அப்போதுதான் உறைத்தது. டயர் தட்டிக் கொடுக்கிறது, சரி. அந்தத் தட்டலுக்கு ஹேண்டில் ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறது? புது டயர் வழவழப்பாக இருந்தவரை தள்ள ஆளில்லாமல் ஊஞ்சல் சும்மா தொங்கியது, அவ்வளவுதான். அது லேசாகத் தேய ஆரம்பித்ததும் பழைய கதை திரும்பிவிட்டது. அத்தோடு, ஆட்டமே டயரை இன்னும் மோசமாகத் தேய்க்கும் என்பதால், எது எதைக் கெடுத்தது என்று டயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மெயின் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் முன் வீலைத் தூக்கினேன். ஃபோர்க்கின் அடிப்பகுதியை நண்பர் முன்னும் பின்னும் இழுக்க, நான் ஃபிரேமும், ஃபோர்க்கைப் பிடிக்கும் கீழ் கிளாம்ப்பும் சேரும் இடுக்கில் விரல் நுனியை வைத்துக்கொண்டேன். இந்த விரல் முக்கியம். ஃபோர்க் காலுக்குள் இருக்கும் புஷ் தேய்ந்திருந்தாலும் இதே கடகடப்பு வரும், அதை வைத்து, ஹேண்டில் திரும்புவதைத் தாங்கும் மேல், கீழ் பேரிங்குகளான கோன்செட்டைக் குறை சொல்லிவிடலாம். எனக்கு விரலுக்கு அடியிலேயே 'டக்' என்றது. கோன்செட்டில் ப்ளே, அதாவது தளர்வு.

இங்கே ஒரு தப்புச் செய்தேன். சி ஸ்பேனரால் கோன்செட் நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கினேன். ப்ளே போனது, 70-ல் துடிப்பும் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் நடக்கிற வேகத்தில் வண்டி நேராகப் போக மறுத்தது. ஒவ்வொரு சின்னத் திருத்தமும் கொஞ்சம் கூடுதலாகப் போய், குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு போனேன். வீலை மறுபடி தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினால், நேர்நிலைக்கு வரும்போது குழியில் விழுகிற மாதிரி உட்கார்ந்தது. இறுக்க இறுக்க அந்தக் குழி இன்னும் ஆழமாகத் தெரிந்தது. இனிச் சரிக்கட்ட முடியாது, மாற்ற வேண்டியதுதான்.

கழற்றியபோது மேல் பேரிங் பரவாயில்லை. கீழ் ரேஸில், அதாவது குண்டுகள் ஓடும் இரும்பு வளையத்தில், கிரீஸ் காய்ந்து பழுப்பு மாவாக இருந்தது. துடைத்தால், குண்டுகள் உட்கார்ந்த இடமெல்லாம் ஒரே இடைவெளியில் நீள்வட்டத் தடங்கள். பள்ளத்தில் வண்டி விழுந்து அடிபட்ட தடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அடியும் ஒரு காரணம்தான். ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக நேராக ஓடும்போது குண்டுகள் உருளாமல் ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. கிரீஸ் விலகி, இரும்போடு இரும்பு உரசி, அந்த இடம் தின்றுபோகிறது. டூரிங் வண்டிக்கு இது வந்ததில் ஆச்சரியமே இல்லை.

குண்டுக்குப் பதில் கூம்பு உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங் வாங்கினேன். உருளை நீளவாக்கில் உட்காருவதால் பாரம் ஒரு புள்ளியில் குவியாமல் பரவும். புது வெளி ரேஸ்களை இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்திருந்து, பழைய ரேஸையே மேலே வைத்துத் தட்டி இறக்கினேன். சத்தம் மாறும் வரை தட்ட வேண்டும். அடிவரை உட்கார்ந்ததும் 'டொக்' என்பது 'டிங்' ஆகிவிடும். கீழ் கிளாம்ப்பிலிருந்து ஃபிரேமுக்குள் ஏறும் தண்டான ஸ்டெம்மின் அடியில் இருந்த பழைய உள் ரேஸ்தான் உயிரை எடுத்தது. ஸ்டெம்மைத் தொடாத அளவுக்கு கிரைண்டரால் கீறி, உளி வைத்து ஒரே அடியில் பிளந்தேன். அந்த ஒரு வேலைக்கே அரைநாள் போனது. கிரீஸை உருளைகளுக்கு நடுவே உள்ளங்கையில் வைத்து அழுத்தித் திணித்தேன்.

நட்டை முதலில் நன்றாக இறுக்கி, ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாக ஏழெட்டுத் தடவை திருப்பி, பிறகு தளர்த்தி, மறுபடி அளவோடு இறுக்கினேன். மேல் நட்டை டார்க் ரெஞ்சால் முடுக்கியதும் அந்த அளவு மாறிவிடும் என்பது மூன்றாவது முயற்சியில்தான் மண்டையில் ஏறியது. முடுக்கிய பிறகுதான் சோதிக்க வேண்டும். பிரேக் ஹோஸ், கேபிள் எல்லாவற்றையும் தளரவிட்டு, ஃபோர்க்கில் வில் தராசைக் கொக்கி போட்டு இழுத்தேன். ஹேண்டில் அசையத் தொடங்கும் இழுவை கையேடு சொன்ன எல்லைக்குள் வந்தது. வீலை மாட்டும்போது ஆக்சிலை இறுக்கி, முன்பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கி எடுத்த பிறகே, ஆக்சிலை நெரித்துப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டுகளை முடுக்கினேன். அப்போதுதான் இரண்டு காலும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும்.

இந்தத் தடவை டயரை வேண்டுமென்றே மாற்றவில்லை. பாதி தேய்ந்த, லேசாக ரம்பம் பிடித்த அதே டயர். ஆளில்லாத நேரான சாலையில், உள்ளங்கைகளை ஹேண்டிலுக்கு ஒரு விரல்கடை மேலே வைத்துக்கொண்டு 80-லிருந்து 50 வரை இறங்கவிட்டேன். ஒன்றுமில்லை. 500 கி.மீ. கழித்து ரோலர்கள் படிந்து மயிரிழை ப்ளே வந்திருந்தது. நட்டைத் துளி திருப்பினேன். டாப் பாக்ஸை நிரப்பிக்கொண்டு போனால் 68-ல் ஹேண்டில் இரண்டு தடவை தலையாட்டிவிட்டு அடங்குகிறது. பெட்டியில் இருந்த கருவிப் பையைப் பக்கப் பெட்டிக்கு மாற்றியிருக்கிறேன். டயர் தேயத் தேய ஒவ்வொரு 1,000 கி.மீ.க்கும் அதே சாலையில் ஓட்டிப் பார்த்து நோட்டில் எழுதிவருகிறேன்.